பட்டிப்பூ அவித்துக் குடிக்கிற நீரிழிவுக்காரர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் பட்டிப்பூ இல்லாத வளவு குறைவு. நித்தியகல்யாணி என்றும் சொல்வோம். தண்ணீர் ஊற்றாவிட்டாலும் மதிலோரம் வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்துக்கொண்டே இருக்கும். சாமிக்குப் பறிக்கிற அதே பூவை நீரிழிவுக்கென்று அவித்துக் குடிப்பவர்களைக் கிளினிக்கில் அடிக்கடி பார்க்கிறேன்.

அண்மையில் ஒரு அம்மா வரிசையில் இருந்தபடியே வியர்த்து நடுங்கினார். கை சில்லிட்டிருந்தது, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. விரலில் குத்திப் பார்த்தால் இரத்தத்தில் சீனி 48. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. காலையில் சீனியைக் குறைக்கிற கிளிக்கிளசைட் குளிசையைப் போட்டு, ஒரு பிடி பூவும் இலையும் அவித்த தண்ணீரைக் குடித்துவிட்டு, சாப்பிடாமலே வந்திருக்கிறார். "பூத்தானே டொக்டர், என்ன செய்யப்போகுது?" என்றார் தெளிந்த பிறகு.

நிறையவே செய்யும். மடகாஸ்கரைப் பூர்வீகமாகக் கொண்ட இந்தச் செடியை ஜமேக்காவிலும் நீரிழிவுக்குக் குடித்தார்கள். அதைக் கேள்விப்பட்டு 1950களில் கனடாவில் ரொபேர்ட் நோபிளும் சார்ள்ஸ் பியரும் இலைச்சாற்றை எலிகளில் சோதித்தார்கள். சீனி எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. ஊசியாக ஏற்றிய எலிகளுக்கு வெள்ளணுக்கள் சரிந்து, தொற்று வந்து இறந்தன. அதைத் தொடர்ந்து போனபோது கிடைத்ததுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. வின்கிறிஸ்டினும் இதே செடியில் இருந்து வந்தது. மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளைகளுக்கு அதை நாளத்தில் ஏற்றுகிறார்கள். உடம்பின் அளவைக் கணக்கிட்டு, இரத்தம் பார்த்து, கை கால் விறைக்கிறதா என்று கேட்டுக் கேட்டு ஏற்றுகிற மருந்து அது. வீட்டுச் சட்டியில் எவ்வளவு இறங்குகிறது என்று யாருக்குத் தெரியும்?

செவ்வரத்தை இலையைக் கசக்கித் தலைக்கு வைத்து முழுகுகிறோமே, அதைப் போல இதையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். கர்ப்பிணிகள் இதை வாயிலேயே வைக்கக் கூடாது. எனக்கு அதைவிடக் கவலை, பூவை நம்பிக் குளிசையை நிப்பாட்டுகிறவர்கள். காலில் புண் ஆறாமல் வரும்போதுதான் அவர்களைக் காண்கிறோம்.

மூலிகை மருந்துதான் வேண்டுமென்றால் கைதடி சித்த போதனா வைத்தியசாலையில் படித்த வைத்தியர்கள் இருக்கிறார்கள். அங்கே போங்கள், எங்கள் கிளினிக் கொப்பியையும் காட்டுங்கள். இப்போது அவித்துக் குடிப்பவர்கள் அடுத்த கிளினிக்கில் அதை மறைக்காமல் சொல்லுங்கள். நான் ஏசமாட்டேன்.

வீட்டில் யாருக்காவது இப்படி வியர்த்து நடுங்கினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள், அப்புறம் சாப்பாடு. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து, 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.