முன்தொடை இறுகினால் பின்தொடை இளகும்

“கால் நீட்டி உட்கார்ந்து பஸ்சிமோத்தானாசனத்தில் குனிந்தாலே தொடையின் பின்புறம் கம்பிபோல் விறைத்துக்கொள்கிறது. முக்கிக் குனிந்தால் இன்னும் விறைக்கிறது. ஏன்?” என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

அம்மா, உங்கள் தசை தன்னைக் காத்துக்கொள்கிறது. தசை இழைகளுக்கு நடுவே சில மில்லிமீட்டர் நீளத்தில் தசைக்கதிர்கள் பதிந்திருக்கின்றன. நூல் நூற்கும் கதிரைப்போல நடுவில் பருத்து முனைகளில் கூம்பியவை. தசை எவ்வளவு, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று ஓயாமல் அளப்பவை இவை. வெடுக்கென்று இழுத்தால், மூளையைக் கேட்காமலேயே தண்டுவடத்திலிருந்து ‘சுருங்கு’ என்ற ஆணை வந்துவிடும். மருத்துவர் முழங்காலுக்குக் கீழே தட்டும்போது கால் துள்ளுவதும் இப்படித்தான். ஆட்டி ஆட்டிக் குனிகிறவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் தொடையைத் தானே தட்டி எழுப்புகிறார்.

இனி வருவதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. கால் நீட்டி உட்கார்ந்து முன்தொடையை இறுக்குங்கள். முழங்கால் சில்லு இடுப்பை நோக்கி நகர்வது விரலுக்குத் தெரியும். அந்த ஆணை மூளையிலிருந்து இறங்கும் வழியில், தண்டுவடத்தில் கிளை பிரிகிறது. கிளை எழுப்புவது ஒரு சிறு இடைநரம்பணுவை. பின்தொடையை இயக்கும் நரம்பணுவை அடக்கிவைப்பது அதன் வேலை. முன்னே இறுக்கமும் பின்னே இளக்கமும் ஒரே ஆணையின் இரு முனைகள்! எதிரெதிர்த் தசைகளின் இந்த உடன்பாட்டை விரிவாக ஆராய்ந்த சார்ல்ஸ் ஷெரிங்டன், நரம்பணுக்களின் செயல்பாடு பற்றிய ஆய்வுக்காக 1932-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆசனம் நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்றார் யோக சூத்திரம் இயற்றிய பதஞ்சலி. முயற்சியைத் தளர்த்தச் சொன்னது அடுத்த சூத்திரம். வலுவில் பாதி, சுகத்தில் பாதி என்று இதைப் பங்கு பிரிக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. உரிய தசையில் வலு நின்றால்தான் மற்றதில் சுகம் பிறக்கிறது.

முறுக்கிப் பிழிந்தால் உடலின் நச்சு வெளியேறும் என்று சொல்லித்தருவதை நிறுத்த வேண்டும். அது ஈரல், சிறுநீரகத்தின் வேலை. யோகா தினமான ஜூன் 21 அன்று மைதானம் நிறையப் பாய் விரிக்கும் அக்கறை, தசை மின்னலைகளைப் பதிவுசெய்யும் ஆய்வுக்கூடங்கள் மீதும் திரும்ப வேண்டும்.

நீங்கள் நாளை குனியும்போது முன்தொடையை இறுக்கி, மூச்சை நீளமாக விட்டு, இடுப்பிலிருந்து மெல்ல இறங்குங்கள். முதுகை யாரும் அழுத்த விடாதீர்கள். பாதம்வரை சுள்ளென்று வலி ஓடினால் நரம்பு இழுபடுவதாக இருக்கலாம். அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.