பட்டனுக்கும் படத்துக்கும் நடுவே

வெள்ளவத்தையில் ரயில் பாதையும் கடலும் கிட்டத்தட்ட ஒட்டியே இருக்கின்றன. பாறையில் அலை மோதித் தெறிக்கும்போது ரயிலும் வந்துவிட்டால், கொழும்பில் அதைவிட நல்ல படம் கிடையாது என்பேன். என் முதல் டிஜிட்டல் கமராவோடு அதற்காகப் பல மாலைகள் காத்திருந்தேன். சரியான நேரத்தில்தான் பட்டனை அமத்துவேன். படத்தில் எஞ்சினின் முகம் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கும், அலை வடிந்திருக்கும். அப்பாவின் பழைய பிலிம் கமராவில் இப்படி நடந்ததே இல்லை.

மணிக்கு 36 கிலோமீற்றரில் வரும் ரயில் ஒரு செக்கனில் 10 மீற்றர் நகரும். கமரா அரைச் செக்கன் தாமதித்தால் 5 மீற்றர் போய்விட்டது. பட்டனை அமத்துவதற்கும் படம் பதியத் தொடங்குவதற்கும் இடையிலான இந்த நேரம்தான் ஷட்டர் தாமதம். ஷட்டர் வேகம் வேறு: அது ஒளி எவ்வளவு நேரம் உள்ளே வருகிறது என்பது.

அப்பாவினுடையது எஸ்.எல்.ஆர்., அதாவது லென்ஸில் வரும் காட்சியை உள்ளே ஒரு கண்ணாடி நம் கண்ணுக்குத் திருப்பிவிடும் வகை. பட்டனை அமத்தியதும் லென்ஸின் துவாரம் சுருங்கும், கண்ணாடி மேலே எழும்பும், பிறகுதான் பிலிமை மறைக்கும் ஷட்டர் திறக்கும். இத்தனைக்கும் பெரும்பாலும் 0.1 செக்கன்கூட ஆகாது. ஃபோகஸை அவர் கையாலேயே முதலில் சரிசெய்துவிடுவார், அதனால் கமராவுக்கு யோசிக்க எதுவும் மிச்சமில்லை. எழும்பும் கண்ணாடியே இல்லாத லைக்கா எம் வகைக் கமராக்களில் தாமதம் ஏறத்தாழ 15 மில்லிசெக்கன்தான். 1989 இல் கெனான், ஒளி ஊடுருவும் அசையாத கண்ணாடியை ஈஓஎஸ் ஆர்டி கமராவில் வைத்து, அதை 8 மில்லிசெக்கனுக்கே கொண்டுவந்தது.

அப்படியானால் என் சின்ன டிஜிட்டல் கமரா அவ்வளவு நேரம் என்னதான் செய்தது? பெரும்பகுதி நேரம் ஃபோகஸைத் தேடியது. லென்ஸைக் கொஞ்சம் நகர்த்தும், பிலிமுக்குப் பதிலாக ஒளியைப் பதியும் சென்சாரில் விழும் உருவத்தின் விளிம்புகள் எவ்வளவு கூர்மை என்று பார்க்கும், மறுபடி நகர்த்தும். கூர்மை குறையத் தொடங்கினால்தான் உச்சத்தைத் தாண்டிவிட்டோம் என்றே அதற்குத் தெரியும். அப்புறம் திரும்பி வரும். லென்ஸ் 'கிர்ர்' என்று முன்னும் பின்னும் போவது காதில் கேட்கும். மாலை வெளிச்சம் மங்க மங்கத் தேடல் இன்னும் நீளும். அது முடிந்த பிறகு, கமராவின் பின்திரையில் காட்சியைக் காட்டுவதற்காகச் சென்சாரில் சேர்ந்திருந்த பழைய மின்னூட்டத்தைத் துடைத்துவிட்டுத்தான் புதிய படம் தொடங்கும். போதாததற்கு, அந்தத் திரையில் நான் பார்த்ததே சற்று முந்தைய கணத்துக் காட்சி.

பட்டனைப் பாதி அமத்திப் பிடிப்பது இதற்குத்தான். ரயில் வரப்போகும் இடத்துச் சல்லிக்கல்லில் ஃபோகஸைப் பூட்டிவிட்டு, எஞ்சின் வந்ததும் மீதியை அமத்தினால் தேடும் வேலை மிச்சம். இதைத் தெரிந்துகொண்ட பிறகே எனக்கு முழு எஞ்சினும் கிடைத்தது.

இன்றைய போன்கள் வேறு வழியில் போகின்றன. கமரா திறந்திருக்கும் வரை படச் சட்டங்களை (ஃபிரேம்களை) அடுத்தடுத்துப் பிடித்து நினைவகத்தில் சுழற்சியாக வைத்திருக்கும், பழையது அழியப் புதியது சேரும். விரல் பட்டதும், அந்தக் கணத்துக்கு ஒத்த சட்டத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். 2015 இல் ஐபோனில் வந்த லைவ் ஃபோட்டோ, அமத்துவதற்கு முந்தைய 1.5 செக்கனையும் சேர்த்தே வைக்கிறது. கண் பார்த்து விரல் அசையவே 0.2 செக்கன் அளவு ஆகும் என்பதால் இது பெரிய உதவி. போன கிழமை மகள் அலை விழுந்த பிறகே அமத்தினாள். சட்டங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தோம். மூன்றாம் பெட்டியின் ஜன்னல் உயரத்துக்கு நுரை எழும்பி நின்றது.