இரண்டாவது கொன்ட்ரோலர் வாங்குமுன்

இந்த மாதம் இது மூன்றாவது ஆள். பரந்தன் பக்கத்திலிருந்து பஸ் ஏறி, வீடியோ கேம் ஆடக் கையில் பிடிக்கும் கொன்ட்ரோலரைச் சொப்பின் பையில் சுற்றிக்கொண்டு, கிளிநொச்சியில் இருக்கும் என் திருத்துகிற கடைக்கு ஓர் அம்மா வந்தார். "தம்பி, இது வேலை செய்யுதில்லை. பெடியள் ரெண்டுபேரும் ஒரே சண்டை." போட்டுப் பார்த்தேன். ஒரு பழுதும் இல்லை. அவர்கள் வாங்கிய சுடுகிற கேமில் ஒரே திரையில் இருவர் ஆட வழியே கிடையாது.

இரண்டு கொன்ட்ரோலர் இருந்தால் இரண்டு பேர் ஆடலாம் என்று முதலில் சொன்ன ஆளை எனக்கு ஒருக்கால் பார்க்க வேண்டும். கால்பந்து கேமில் ஆடலாம், சரி. அங்கே இருவருக்கும் ஒரே மைதானம், ஒரே காட்சி. சுடுகிற கேமில் ஒருவன் மொட்டைமாடியில் நிற்பான், மற்றவன் சுரங்கத்துக்குள் ஓடுவான். ஆளுக்கொரு காட்சி வேண்டும். அதாவது கேமை ரீவியில் ஓட்டும் கருவியான கொன்சோல் அந்த உலகத்தை ஒரே நேரத்தில் இரண்டு தரம் வரைய வேண்டும். கேம் செய்தவர்கள் அதற்கு வழி வைத்திருந்தால்தான் உண்டு. செட்டிங்கில் தேடினாலும் வராது, என்னோடு கத்தினாலும் வராது.

1997இல் நின்டெண்டோ 64இல் வந்த கோல்டன்ஐ கேமை நான்கு பேர் ஒரே ரீவியில் ஆடினார்கள். படம் இழுத்து இழுத்துத்தான் ஓடும், யாரும் கவலைப்படவில்லை. இன்றைக்கு விநாடிக்கு 60 படம் ஓடாவிட்டால் முகம் சுளிக்கிறார்கள். 2015இல் ஹேலோ 5 என்ற சுடுகிற கேம் திரைப் பிரிப்பை, அதாவது ஒரே திரையை ஆளுக்கொரு பாகமாகப் பிரிப்பதை, கைவிட்டதும் அந்த 60ஐப் பிடிக்கத்தான். ரசிகர்கள் கொதித்தார்கள், இனி வைப்போம் என்று கேம் செய்தவர்கள் 2017இல் வாக்குக் கொடுத்தார்கள். பிறகு வந்த ஹேலோ இன்ஃபினிட்டில் போட்டிப் பகுதிக்கு வைத்தார்கள், கதைப் பகுதிக்கு வைக்கும் திட்டத்தை 2022இல் கைவிட்டார்கள். நிழலைக் குறைத்து, தூரத்துக் காட்சியை வெட்டி, எல்லாவற்றையும் இரண்டாம் தரமும் சோதிப்பது லேசான வேலையில்லை. அவர்களை நான் முழுக்கக் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் "ஒன்லைனில் ஆடட்டும்" என்பவர்களுக்கு எங்கள் பக்கத்து வீடுகள் தெரியாது. இன்னொரு கொன்சோல், இன்னொரு ரீவி, பல கேம்களுக்கு மாதச் சந்தா, இவ்வளவும் டேட்டா கார்ட்டில். கனடாவிலிருந்து மாமா அனுப்பியது ஒன்றுதானே!

ஆகவே காசு கொடுக்குமுன் கேம் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒரே கொன்சோலில் எத்தனை பேர் என்பது தனியாக இருக்கும், ஒன்லைனில் எத்தனை பேர் என்பது தனியாக இருக்கும். பெரிய எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம், அது அநேகமாக ஒன்லைன் எண். கதைப் பகுதியிலா, போட்டிப் பகுதியிலா என்பதையும் கேளுங்கள். ஃபோர்ட்நைட் கேமில் திரை பிரியும், ஆனால் இருவருக்கும் தனித்தனி அக்கவுண்ட் வேண்டும், இன்டர்நெட்டும் வேண்டும். பழைய பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) கொன்சோலின் கொன்ட்ரோலர் பிஎஸ்5 கேமுக்கு வேலை செய்யாது. இதற்காகவே வாரத்துக்கு ஒருவர் வருகிறார்.

சின்ன ரீவியில் பாதித் திரை என்றால் எழுத்தே தெரியாது. தம்பி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று அண்ணன் எட்டிப் பார்ப்பான், அதிலும் ஒரு சண்டை வரும். அதை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள். சுடுகிற சத்தத்தை மட்டும் குறைத்து வையுங்கள், தயவுசெய்து. கடையில் கேமைப் போட்டுக் காட்டியபோது அந்த அம்மா இரண்டு தரம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.