பொறுப்பு வரம்பா, இழப்பீட்டு வரம்பா?

2024 மார்ச் 26 அதிகாலை. அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ‘டாலி’ என்ற சரக்குக் கப்பல், மின்சாரம் போய்க் கட்டுப்பாடிழந்து, ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியது. மேலே சாலைக் குழிகளை அடைத்துக்கொண்டிருந்தவர்களில் ஆறு பேர் பாலத்தோடு விழுந்து இறந்தனர். ஆறு நாள் கழித்து, ஏப்ரல் 1 அன்று, கப்பலின் உரிமையாளரும் மேலாண்மை நிறுவனமும் நீதிமன்றத்துக்குப் போயின. இரண்டும் சிங்கப்பூரைச் சேர்ந்தவை. யார் எவ்வளவு கேட்டாலும், எல்லோருக்கும் சேர்த்துத் தாங்கள் தர வேண்டியது சுமார் 4.37 கோடி டாலரைத் தாண்டக் கூடாது என்பது மனு. சட்டத்தில் இதற்குப் பெயர் ‘லிமிடேஷன் ஆஃப் லயபிலிட்டி’.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

‘லிமிட்’டின் வேர் லத்தீன் ‘லிமெஸ்’. வயலுக்கும் வயலுக்கும் நடுவே ஓடும் எல்லைப் பாதை அது. நமக்கு அகராதியைப் புரட்ட வேண்டியதே இல்லை, வரம்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் வயலோரத்து மண்மேட்டை வரப்பு என்கிறோம், ஈழத்தில் இன்றும் வரம்பு என்றே சொல்கிறார்கள். இரண்டும் ஒரே சொல். ரோமானிய உழவனும் நம் உழவனும் ஒரே இடத்தில் நின்று ‘எல்லை’ என்ற கருத்தைக் கண்டிருக்கிறார்கள். சிலர் ‘வரையறை’ என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. ‘பொறுப்பு வரையறை’ என்றால் பொறுப்புக்கு இலக்கணம் சொல்வது போலாகிவிடும்.

சிக்கல் ‘லயபிலிட்டி’யில்தான். அதன் வேர் ‘லிகாரே’, அதாவது கட்டுதல். சட்டம் கட்டிப்போட்ட நிலை. ‘கடப்பாடு’ பொருந்துமா? “கைம்மாறு வேண்டா கடப்பாடு” என்று மழையைச் சொன்ன குறளின் சொல்லை, கொடுப்பதைக் குறைக்கக் கேட்கும் மனுவுக்குச் சூட்ட மனம் வரவில்லை. ‘பொறுப்பு’ நல்ல சொல்: பொறு என்றால் தாங்கு, பொறை என்றால் சுமை. ஆனால் நாளிதழ் வாசகருக்குப் பொறுப்பு என்றதும் ‘யார் தவறு’ என்பதே நினைவுக்கு வரும். இந்தச் சட்டமோ தவறை அளப்பதில்லை. தவறு முழுக்கக் கப்பலுடையதாகவே இருக்கட்டும், பணத்துக்கு மட்டும் ஒரு வரம்பு என்கிறது. ஆகவே சட்ட நூலில் ‘பொறுப்பு வரம்பு’ இருக்கலாம்; செய்தியில் ‘இழப்பீட்டு வரம்பு’ என்பதே தெளிவு.

வரம்பு எவ்வளவு உயரம்? அமெரிக்காவின் 1851-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பயணம் முடிந்த நிலையில் கப்பலின் மதிப்பும் அந்தப் பயணத்தின் சரக்குக் கூலியும். அதாவது விபத்துக்குப் பிந்திய மதிப்பு! டாலியின் மதிப்பு 9 கோடி டாலர் வரை என்று கொண்டு, பழுதுபார்க்க 2.8 கோடியும் மீட்புச் செலவாக 1.95 கோடியும் கழித்து, கூலியாகச் சுமார் 11.7 லட்சத்தைச் சேர்த்தே அந்தத் தொகைக்கு வந்தார்கள். கப்பல் எவ்வளவு சிதைகிறதோ அவ்வளவுக்கு வரம்பு தாழும். முழுதும் மூழ்கினால்? ‘டைட்டானிக்’ அதைக் காட்டியது. 1,500-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, மிஞ்சிய உயிர்காப்புப் படகுகளையும் கட்டணத்தையும் கூட்டி ஏறத்தாழ 92,000 டாலர் என்றது நிறுவனம். அது பிரிட்டிஷ் கப்பல்தான். ஆனாலும் அமெரிக்கச் சட்டத்தின் பலனைக் கேட்கலாம் என்று 1914-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. கடைசியில் 1916-இல் 6,64,000 டாலருக்குச் சமரசம் ஆயிற்று.

இங்கிலாந்து இந்தச் சலுகையை 1734-லேயே கொடுத்துவிட்டது. மாலுமித் தலைவன் சரக்கைத் திருடினாலும் உரிமையாளர் சொத்து முழுவதையும் இழக்க நேரும் என்று கப்பல் முதலாளிகள் அஞ்சியதே காரணம். இன்று பல நாடுகள் 1976-ஆம் ஆண்டு லண்டன் உடன்படிக்கையைப் பின்பற்றிக் கப்பலின் டன் கணக்கை வைத்து வரம்பிடுகின்றன. உயிரிழப்புக்கும் உடல் காயத்துக்கும் தனித் தொகை உண்டு. இந்தியாவும் அதில் இருக்கிறது. அமெரிக்கா இல்லை. ஆனால் அங்கும் 1935 முதல் உயிரிழப்புக்குத் தனியாகக் குறைந்தபட்சத் தொகை உண்டு. இப்போது டன்னுக்கு 420 டாலர்.

வரம்பு உடைவதும் உண்டு. கோளாறு இருப்பது உரிமையாளருக்குத் தெரிந்திருந்தும் கப்பலை அனுப்பினார் என்று நிறுவப்பட்டால், அமெரிக்கச் சட்டம் அவருக்கு வரம்பு தராது. இதற்கும் சொல் தேட வேண்டாம். வரப்பில் விழுவது உடைப்பு. இதையும் ‘வரம்பு உடைப்பு’ என்றே எழுதலாம்.

ஒன்றை மட்டும் கலக்கக் கூடாது. இத்தகைய மனுவில் வழக்கமாக இரண்டு கோரிக்கைகள் இருக்கும்: என்னை முற்றிலும் விடுவியுங்கள், இல்லையென்றால் வரம்பாவது இடுங்கள். முதலாவது ‘எக்ஸானரேஷன்’. அதன் உள்ளே இருப்பது ‘ஓனுஸ்’, சுமை. அதனால் ‘பொறுப்பு விடுவிப்பு’ சரியான தமிழ். சுமையை இறக்கி வைப்பது. ‘டாலி’ மனுவும் இரண்டையும் கேட்டது. எனவே “பொறுப்பைத் தட்டிக்கழிக்க மனு” என்று தலைப்பிட்டால் பாதிச் செய்திதான். “விடுவிப்பு அல்லது இழப்பீட்டு வரம்பு கோரி மனு” என்றால் முழுச் செய்தி.