பிள்ளையின் பிறந்த வருடத்தை மாற்றிப் போடாதீர்கள்

ஏழாம் வகுப்பு படிக்கும் மகளின் போனில் கடன் செயலி விளம்பரங்களாக வருகின்றன, வழக்குப் போடலாமா என்று கேட்டு ஒரு தாய் வந்தார். கணக்கு விவரத்தைத் திறந்து பார்த்தேன். பிறந்த வருடம் 2000 என்று இருந்தது. "நான்தான் சார் போட்டேன். உண்மையான வயதைப் போட்டால் உள்ளே விட மாட்டேங்குது" என்றார். சைபர் சட்ட ஆலோசனைக்கு வரும் பெற்றோர் பலர் இதையேதான் சொல்கிறார்கள்.

2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது. அமெரிக்காவில் இந்த வரம்பு 13தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாட்டுக்கு நாடு 13 முதல் 16 வரை. நம் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, குழந்தையின் தரவைத் தொடும் முன் நிறுவனம் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்துப் பெற வேண்டும். பிள்ளை எதைப் பார்க்கிறது என்று பின்தொடர்வதும், அதை வைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். பள்ளிகள், மருத்துவமனைகளுக்குச் சில விலக்குகள் உண்டு. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. அந்த அறிவிப்பின்படி இந்தக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதம் அமலாகும்.

சம்மதம் தருபவர் வயது வந்தவர்தானா என்று எப்படிச் சரிபார்ப்பது என்பதை விதிகள் விளக்கமாகவே சொல்கின்றன: நிறுவனத்திடம் ஏற்கெனவே உள்ள விவரம், பெற்றோரே தரும் விவரம், அல்லது அரசின் ஆவணச் சேவையான டிஜிலாக்கர் போன்றவை வழியே வரும், வயதை உறுதிசெய்யும் மின்னணு டோக்கன். ஆனால் கணக்குத் தொடங்குவது குழந்தை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விதிகளில் உள்ள உதாரணங்கள், "நான் குழந்தை" என்று பிள்ளையோ, "இது என் குழந்தைக்கு" என்று பெற்றோரோ சொல்வதில் இருந்துதான் தொடங்குகின்றன. என் பார்வையில் இது பெரிய ஓட்டை. பொய் வருடம் போட்ட கணக்கு, நிறுவனத்தின் கண்ணுக்குப் பெரியவரின் கணக்கு. அந்தப் பாதுகாப்பை நாமே கழற்றிவிடுகிறோம்.

பிள்ளையின் கணக்குகளில் வயதை இப்போதே திருத்துங்கள். சில சேவைகளில் கணக்கு முடங்கக்கூடும். படங்களை முதலில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். சம்மதத்துக்கு ஆதார் நகல் வேண்டும் என்று யாராவது வாட்ஸ்அப்பில் கேட்டால் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

அப்புறம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் சட்டம் வழி வைத்திருக்கிறது. இந்த உரிமைகளும் அதே அறிவிப்பின்படி 2027 மே மாதம்தான் அமலாகும். கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். தரவை அழிக்கச் சொல்லியும் கேட்கலாம். முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கே தீராவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் போகலாம்.