தூரம் இரண்டு மடங்கு, நேரம் மட்டும் ஒன்றரை மடங்கு ஏன்?

சென்னையிலிருந்து சேலம் விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 265 கி.மீ. தூத்துக்குடி சுமார் 530 கி.மீ. சொல்லி வைத்தாற்போல் இரண்டு மடங்கு. ஆனால் ஏடிஆர் 72 என்ற புரொப்பல்லர் விமானத்துக்கான பயண நேரத்தைப் பாருங்கள். சேலத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், தூத்துக்குடிக்கு ஒன்றரை. அந்த அரை மணி எங்கே போனது?

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்து விமானம் நகர ஆரம்பித்ததிலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் மறுபடி கட்டை வைக்கும் வரையிலான மொத்த நேரம் அது. மீனம்பாக்கத்தில் ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது, மெதுவாக மேலேறுவது, இறங்குமுன் வரிசையில் சேர்வது எல்லாம் இதில் அடக்கம். திசையும் கொஞ்சம் நேரத்தைத் தின்னும். விமானம் எதிர்க்காற்றில்தான் ஏறும். பிற்பகலில் கடற்காற்று வீசினால் கிழக்கு நோக்கிக் கிளம்பி, பிறகு வளைந்து தென்மேற்கே திரும்ப வேண்டும்.

இந்தச் செலவு பக்கத்து ஊருக்கும் தூரத்து ஊருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆட்டோ மீட்டரின் குறைந்தபட்சக் கட்டணம் மாதிரி. ஏடிஆர் மணிக்குச் சுமார் 500 கி.மீ. பறக்கும், 265 கி.மீ.க்கு 32 நிமிடம், 530-க்கு 64. இரண்டோடும் அரை மணியைக் கூட்டினால் கால அட்டவணையின் கணக்கு கைக்கு வந்துவிடும்.

இதே கணக்கைச் சேலத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே போட்டுப் பார்க்கலாம். சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரமும் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளமும் 78 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டி, ஒன்றுக்கு நேர் கீழே மற்றொன்றாக இருக்கின்றன. அதனால் உருண்டைப் பரப்பில் தூரம் காணும் கோள முக்கோணவியல் எதுவும் தேவையில்லை. அட்சரேகை 11.78-லிருந்து 8.72-ஐக் கழித்தால் 3.06 டிகிரி. டிகிரிக்கு 111 கி.மீ. என்றால் 340 கி.மீ. விமானிகளுக்கு இன்னும் சுலபம்: டிகிரியில் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு கடல் மைல், ஆகவே 184 கடல் மைல். பறக்க 41 நிமிடம், அதோடு அந்த அரை மணி. நேரடி விமானம் விட்டால் 70 நிமிடம் போல ஆகும். சென்னை வழியாகச் சுற்றினால் வானத்திலேயே 795 கி.மீ., அதோடு அந்த அரை மணி இரண்டு தடவை.

காற்று? இவ்வளவு குறுகிய தூரத்தில் பெரிய விஷயமில்லை. மணிக்கு 40 கி.மீ. எதிர்க்காற்று அடித்தாலும் மூன்றரை நிமிடம்தான் கூடும்.

அப்படியானால் மணிக்கு 800 கி.மீ. போகும் ஜெட்டை விடலாமே என்று தோன்றும். தூத்துக்குடியில் முன்பு 1350 மீட்டராக இருந்த ஓடுபாதை இப்போது 3115 மீட்டர். ஜெட் தாராளமாக இறங்கும், இருபது நிமிடத்துக்கு மேல் மிச்சமாகும். சேலம் கதை வேறு. ஓடுபாதையே 1806 மீட்டர்தான். அதைவிட முக்கியம், ஜெட் சிக்கனமாகப் பறப்பது 35,000 அடி உயரத்தில். அங்கிருந்து வழக்கமான மூன்று டிகிரி சரிவில் இறங்கி வரவே 200 கி.மீ. வேண்டும். 265 கி.மீ. பயணத்தில் ஏறுவதற்கு மிஞ்சுவது 65. அதற்குள் அந்த உயரத்தை எட்டவே முடியாது.