தாம்பரம் ரயில் நிலையத்தில் ஒரு சர்வே

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை, தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டிக்காகக் காத்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் தனியாக ஒரு பெண். இருபது வயதுக்குள்தான் இருக்கும். காலடியில் ஹாஸ்டல் பை, அழுது சிவந்த கண்கள். இரண்டு பெண்கள் வந்து அவளுக்கு இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். ஒருத்தி கையில் தாள் செருகிய அட்டை. "ஸ்டூடன்ட்ஸோட ஸ்ட்ரெஸ் பத்தி ஒரு சர்வே. ரெண்டே நிமிஷம்மா."

முதல் சில கேள்விகள் படிப்பைப் பற்றி. அப்புறம், "வீட்டுல உங்களைப் புரிஞ்சுக்கிற ஆள் யாரு?" அடுத்து, "கடைசியா எப்போ அழுதீங்க?" அந்தப் பெண் பேச ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு தாளில் யாரும் எதையும் எழுதவில்லை.

நான் மனநல ஆலோசகர். ரகசிய ஆன்மிகக் குழுக்களில் சிக்கி வெளியே வந்தவர்களையும், பிள்ளையை அங்கே விட்டுவிட்டுத் தவிக்கும் பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்லும் கதைகளில் முதல் காட்சி பெரும்பாலும் இதுதான். சாமி, குரு என்ற பேச்சே எழாது. யாரோ அன்பாக விசாரித்திருப்பார்கள், அவ்வளவுதான்.

வீதியில் நின்று மதப் பிரசுரம் கொடுப்பவர்களை நான் இதில் சேர்க்கவில்லை. தங்கள் கோயில் பெயரையோ சபையின் பெயரையோ சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். விருப்பமில்லை என்றால் நாம் நகர்ந்துவிடலாம். பெயரை மறைத்துக் கூப்பிடும்போது அந்த வாய்ப்பே நம்மிடமிருந்து பறிபோகிறது. எதற்கு என்றே தெரியாமல் எதை மறுப்பது? ஜப்பானில் யூனிஃபிகேஷன் சர்ச் என்ற மத அமைப்பின் முன்னாள் உறுப்பினர்கள் தொடுத்த வழக்கில், அடையாளத்தை மறைத்து ஆள் சேர்த்தது சட்டவிரோதம் என்று 2001இல் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

"படிச்ச பிள்ளை எப்படி மேடம் ஏமாந்தான்?" என்று பெற்றோர் கேட்பார்கள். ஜப்பானின் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் குழு 1984இல் டோக்கியோவில் ஒரு யோகா வகுப்பாகத்தான் தொடங்கியது. 1995 மார்ச் 20 அன்று அந்த நகரத்தின் சுரங்க ரயில்களில் சரின் விஷவாயுவைப் பரப்பிப் பத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றவர்களில் ஒருவர் இதய மருத்துவர். அறிவு அங்கே காப்பாற்றவில்லை. காதல் முறிவு, வேலை இழப்பு, வீட்டில் ஒரு சாவு, புது ஊரில் தனிமை என்று மனம் தளர்ந்திருக்கும் நேரத்தில் யாரையும் சாய்த்துவிடலாம்.

தாம்பரத்துக்கு வருகிறேன். போன் நம்பர் வாங்கியாயிற்று. "வர்ற ஞாயிறு ஒரு மெடிடேஷன் வகுப்பு, ஃப்ரீதான். வீட்டுல இப்ப சொல்லாதீங்க, தப்பா எடுத்துப்பாங்க." இதைக் கேட்டதும் எழுந்துவிட்டேன்.

"இவர்கள் மோசடிக்காரர்கள்" என்று கத்தியிருந்தால் அந்தப் பெண் அவர்கள் பக்கம்தான் சாய்ந்திருப்பாள். அதனால், "ஏம்மா, செங்கல்பட்டு வண்டி இங்கதானே வரும்?" என்று அவளிடம் கேட்டேன். பேச்சு அறுந்தது. பிறகு அவர்களிடம், "வகுப்பை நடத்துறது எந்த அமைப்புங்க?" என்றேன். "ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து நடத்துறோம்." "பேர் என்ன?" "வந்தா தெரிஞ்சுக்கலாம்." அந்தப் பெண் திரும்பி அவர்கள் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

அந்த நம்பரை பிளாக் செய்யச் சொன்னேன். நடந்ததை இன்றைக்கே வீட்டில் ஒருவரிடமாவது சொல்லச் சொன்னேன். மனசு பாரமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ எந்த நேரமும் அழைக்கலாம் என்றும் சொன்னேன்.

உங்கள் பிள்ளை ஏற்கெனவே உள்ளே போயிருந்தால் தயவுசெய்து திட்டாதீர்கள். "உன் வீடு உன்னை எதிர்க்கும்" என்று முன்பே சொல்லி வைத்திருப்பார்கள். நீங்கள் திட்டும்போது அவர்கள் வாக்கு பலித்துவிடுகிறது. 'சாப்பிட்டியா' என்று கேட்கவாவது போன் பண்ணிக்கொண்டே இருங்கள். திரும்பி வந்தவர்களில் பலர் அந்த ஒரு இழையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார்கள். சான்றிதழ்களைப் பிடித்து வைத்திருந்தாலோ, வெளியே விட மறுத்தாலோ மட்டும் காத்திருக்க வேண்டாம், போலீஸுக்குப் போங்கள்.

வண்டியில் அந்தப் பெண் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தாள். வண்டலூர் தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள்: "ஏன் அழுதேன்னு இன்னைக்கு என்கிட்ட கேட்டது அவங்க மட்டும்தான்க்கா."

அவர்கள் வருவதற்கு முன் பத்து நிமிடம் நான் அவளுக்குப் பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன்.